இடது பக்கச் சீட்டுக்கு அடுத்த வருடமாம்

தம்பி,

உன் திட்டம் வந்து சேர்ந்தது. கலர் கலராகக் கட்டம் போட்டு, குறைந்த செலவில் காரை மேம்படுத்துவது எப்படி என்று தலைப்பு வைத்து, முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று பிரித்து, அணை கட்டப் போகிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். அடியில் எனக்கு ஒரு உத்தரவு வேறு. "ஆத்தா, உங்களுக்குத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல சொல்லி, நான் சனிக்கிழமை வர்றதுக்குள்ள முதல் கட்டத்தை முடிச்சு வைங்க. பணத்தை, எங்களை வேறு வச்சப்ப நீங்க குடுத்ததுல இருந்து எடுத்துக்கங்க." போனில் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அதனால் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

உன் கல்யாணம் நல்லபடியாக முடிந்து, நீ லீவு இல்லை என்று ரயிலேறி பெங்களூருக்குப் போய்விட்டாய். உமையாள் புது மருமகளாக இங்கே எங்களோடு இருக்கிறாள். உன் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. சனிக்கிழமை நீ வந்து, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் அந்தக் காரில் கிளம்பிப் போவதாக ஏற்பாடு. இவ்வளவும் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் திட்டத்தைப் படித்தபோது, அந்தக் காரில் இரண்டு பேர் போகப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா என்றே சந்தேகமாக இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உன் அறிவைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நான் யார் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிற சர்வேயர் நான். நீ நடக்கப் பழகிய காலத்திலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறேன். திருச்சி ரோட்டிலும் ராமேஸ்வரம் ரோட்டிலும் நசுங்கிக் கிடந்த கார்களுக்குள் தலையை விட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினேன். ஊரில் பாதிப்பேர் எனக்கு ஆக்ஸிடென்ட் ஆச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் சிலர் வண்டிச் சாவியைப் பைக்குள் மறைக்கிறார்கள். அப்படிப்பட்டவளிடம் நீ, பின்னால் ஒரு ஸ்பாய்லர், முன்னால் வட்டமாக எரிகிற லைட்டு, சத்தம் போடுகிற சைலன்சர், சீட்டுக்குப் பின்னால் ஒரு சப்-ஊஃபர் என்று திட்டம் அனுப்புகிறாய். உனக்குத் துணிச்சல் அதிகம். மூளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஸ்பாய்லர் எதற்கு என்று சொல். காற்று காரைத் தூக்கிவிடாமல் அழுத்திப் பிடிப்பதற்கு என்று எழுதியிருக்கிறாய். பெங்களூரில் உன் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகிற வழியில் காற்று காரைத் தூக்குகிற வேகத்தில் நீ எங்கே போகிறாய்? பக்கத்தில் நடந்து போகிறவன் உன்னைத் தாண்டிப் போகிறான். அங்கே காரைத் தூக்கினால் டிராஃபிக் போலீஸ்தான் தூக்குவார்கள். சைலன்சரை மாற்றினால் வண்டி 'மூச்சு விடும்' என்கிறாய். சத்தம் கூடினால் வேகம் கூடும் என்று நினைக்கிறவன், நம் வீட்டு மிக்ஸியில் உட்கார்ந்து மதுரைக்குப் போகலாம். இன்ஜினியரிங் படித்தவன் வேறு. நான் படித்த அதே காலேஜ். அந்தக் காலேஜ் வாசலைத் தாண்டும்போது இனிமேல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அந்தக் காரை நீ ஏன் வாங்கினாய் என்பதாவது நினைவிருக்கிறதா? பழைய கார், இரண்டே சீட்டு, துணிக்கூரை, ஃபைபர் உடம்பு. இன்ஜின் சின்னது. பார்த்தவுடன் உன்னைப் பெற்ற அப்பச்சி, "இது காரா, கார் போட்டு வந்த டப்பாவா" என்று கேட்டார்கள். ஆனால் நான் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் தொட்டால் திரும்புகிறது. வளைவில் மிதக்காமல் ஒட்டிக்கொண்டு போகிறது. உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் காரிடம் இருக்கிற ஒரே சொத்து அதன் எடைக்குறைவுதான். நீ என்னடாவென்றால் அந்த ஒன்றைத்தான் காசு கொடுத்துத் தொலைக்கப் பார்க்கிறாய். அகலச் சக்கரம் ஒரு சுமை, ஊஃபர் பெட்டி ஒரு சுமை, அதற்கு இன்னொரு பேட்டரி ஒரு சுமை. பிறகு வண்டி இழுக்கவில்லை என்று இன்ஜினை நோண்டுவாய். சைக்கிள் வாங்கி அதில் அரிசி மூட்டையைக் கட்டிவிட்டு, சைக்கிள் சரியில்லை என்கிற ஆள் நீ.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். நீ தேடுகிற ஆள் இந்த நிமிஷம் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களை வேறு வைத்த கதையை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நம் வீடுகளில் கல்யாணம் ஆன ஜோடியை அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்து, தனிப் புள்ளியாக, தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்த்து, ஒரு வருடத்துக்கு இவ்வளவுதான் என்று பணத்தையும் சாமான்களையும் கையில் கொடுத்துவிடுவார்கள் அல்லவா, அப்படி எங்களுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணம் இரண்டு பேருக்கானது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, எது முதலில் எது பிறகு என்று பழகுவதற்காகக் கொடுப்பது. உன் அப்பச்சி அந்தப் பணத்தில் முதல் காரியமாக, அப்போது வீட்டில் நின்ற ஓட்டைக் காருக்கு நாலு ஸ்பீக்கரும் டேப்பும் வாங்கி வந்து மாட்டினார்கள். அந்தக் காருக்கு வைப்பர் வேலை செய்யாது. நான் வைப்பர் மோட்டார் என்றேன். "மழை எங்க பெய்யுது இந்த ஊர்ல" என்றார்கள். அடுத்த வாரம் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது. பட்டுச்சேலையோடு நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே நாலு ஸ்பீக்கரிலும் பாட்டு. "பாட்டைக் கேட்டுட்டு வாங்க, மழையே தெரியாது" என்று உன் அப்பச்சி எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அன்றைக்கு அவர்களை மதிப்பதை நிறுத்தியவள், பிறகு படிப்படியாகத்தான் மறுபடி ஆரம்பித்தேன். இப்போதுகூட முழுசாக இல்லை. நான் இதை எழுதுவது தெரிந்து, "அவனை ரொம்ப வையாதீக, சின்னப்பிள்ளை" என்கிறார்கள். சின்னப்பிள்ளைக்கா கல்யாணம் பண்ணி வைத்தோம்?

இனி சக்கரத்துக்கு வருவோம். மாமனாரிடம் நீ வெள்ளிச் சாமான் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு மானம் போயிருக்காது. பாத்திரத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டு காருக்கு நாலு அலாய் வீல் வாங்கித் தரச் சொன்னாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்தன்று பெண்வீட்டு வளவு முற்றத்தில் சீர் சாமான் பரப்பியிருந்ததைப் பார்க்கப் போனேன். எவர்சில்வர் தூக்குகளுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில், குங்குமப் பொட்டு வைத்து, நாலு சக்கரங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் அதன் ஓட்டைகளை எல்லாம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது என்ன புதுமாதிரிப் பணியாரச் சட்டியா" என்று என்னிடம் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வது? என் மகன் உருட்டி விளையாடுகிற சாமான் என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சம்பந்தி பெருமையாக ஒரு சக்கரத்தைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். "மாப்பிள்ளை ஆசைப்பட்டாருன்னு வாங்கியாச்சு ஆச்சி. சீருக்குக் குடுக்கிற சாமான்ல பேரு வெட்டாம குடுத்தா நல்லாருக்குமா? மேல வெட்டுனா அழகு கெட்டுப்போகும்னு உள்பக்கமா வெட்டச் சொல்லிட்டேன்." பார்த்தேன். டயரின் விளிம்பு போய் உட்கார்கிற இடத்தில், அண்டாவில் வெட்டுகிற அதே உளியால், ஆழமாக, இனிஷியலோடு உமையாள் பேர். நாலு சக்கரத்திலும். இந்த உலகத்தில் எத்தனையோ ஊரில் அலாய் வீல் விற்கிறார்கள். அதில் உளி வைத்துப் பேர் வெட்டுகிற ஊர் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணுக்குக் கொடுக்கிற பொருள் எதுவானாலும் அதில் அவள் பேர் இருக்க வேண்டும் என்று நினைத்த மனுஷர் அவர். கேட்டவனுக்குத்தான் புத்தி இல்லை. நான் சிரித்த முகத்தோடு, "ரொம்ப நல்லா இருக்கு, சிரமம் எடுத்திருக்கீக" என்றேன். வாழ்க்கையில் நான் கொடுத்த பொய் ரிப்போர்ட் அது ஒன்றுதான்.

நேற்று அதில் ஒன்றை நூறடி ரோட்டு டயர் கடைக்குக் கொண்டுபோய், டயர் மாட்டிக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் போடச் சொன்னேன். எழுத்து இருக்கிற இடத்திலிருந்து வரிசையாகக் குமிழி கிளம்பியது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, மருமக பேரைச் சொல்லிச் சொல்லி மூச்சு விடுதே" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உளி விழுந்த இடத்தில் சக்கரம் கசியும், வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் அந்த வெட்டிலிருந்தே பிளக்கவும் செய்யும். அப்படிப் பிளந்த சக்கரங்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் கிடந்த செருப்புகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தச் சக்கரங்கள் காரில் ஏறாது. மாடியில் சாமான் அறையில் அண்டாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் மாமனார் கேட்டால், பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று சொல். அதில் பொய் இல்லை.

இப்போது நான் கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம். உன் முதல் கட்டத்தில் ஓட்டுநருக்குப் பந்தயக் கார் சீட்டு இருக்கிறது. பக்கவாட்டில் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், சிவப்புத் தையல் போட்டது. ஓட்டுநருக்குப் புது பெல்ட் இருக்கிறது. இத்தனைக்கும் உன் பக்கத்துப் பழைய பெல்ட் நன்றாக வேலை செய்கிறது. இடது பக்கச் சீட்டும் இடது பக்க பெல்ட்டும் எங்கே என்று தேடினேன். இரண்டாம் கட்டம், அடுத்த ஆண்டு, பணம் மிச்சமிருந்தால் என்று எழுதியிருக்கிறாய். ஊஃபருக்கு இந்த வருடம் பணம் இருக்கிறது. கல்யாணமான மறு வாரம் நீ போட்ட திட்டத்தில், உன் மனைவிக்குப் பணம் மிச்சமிருந்தால் அடுத்த வருடம் பெல்ட். இதை எழுதும்போது உன் கை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையா?

அந்த பெல்ட் ஆளைப் பிடித்து நிறுத்தாது என்பது உனக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. நீ கார் வாங்கிக்கொண்டு வந்த புதிதில் என்னைக் காளையார்கோவிலுக்குக் கூட்டிப் போனாயே. திரும்பி வரும்போது கண்மாய்க் கரையில் ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. நீ பிரேக்கை மிதித்தாய். நல்ல பிரேக்கும் இல்லை, வண்டி இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது. உன் பெல்ட் உன்னைப் பிடித்தது. என் பெல்ட் கயிறு மாதிரி தாராளமாக வந்துகொண்டே இருந்தது. நான் கையை ஊன்றியதால் முகம் தப்பியது. வண்டி நின்றதும் நீ என் பக்கம் திரும்பி, "ஆத்தா, டாஷ்போர்டுல கீறல் எதுவும் விழலையே" என்று கேட்டாய். விழவில்லை தம்பி, உன் டாஷ்போர்டு நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து மணிக்கட்டில் துணியைக் கட்டிக்கொண்டு இட்லிக்கு மாவாட்டினேன். நீ தார்ப்பாயைப் போட்டுக் காரை மூடிவிட்டுத்தான் சாப்பிட வந்தாய். உன்னைப் பெற்றதற்காக அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் அதை நான் சகித்துக்கொண்டேன், நான் உன் அம்மா, எனக்குப் பழகிவிட்டது. உமையாள் ஏன் சகிக்க வேண்டும்? அந்த இடத்தில் என்னைவிட உயரம் குறைவான பெண் உட்கார்ந்தால் கண்ணாடியில் எங்கே போய் மோதுவாள் என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதைச் சொல்வதுதான் என் தொழில். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் அது.

கொஞ்சப் பணத்தில் அந்தக் காரை நல்ல காராக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே முடியும். இருக்கிற அதே சின்னச் சக்கரத்துக்கு, அதே அளவில், நல்ல ரப்பரில் புது டயர் போடு. இப்போதிருக்கிற டயர் தேயவில்லை என்று சந்தோஷப்படாதே, அது ஓடாமலே காய்ந்து வெடித்திருக்கிறது, பக்கவாட்டில் நகத்தை வைத்துப் பார். பிரேக்குக்குப் புது பேடு, புது ஆயில், புது ஹோஸ். அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷெல்லாம் மாவாகிவிட்டது, அதை மாற்றி, ஷாக் அப்சார்பரையும் மாற்றி, சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்தால், நீ ஸ்பாய்லர் வைத்துத் தேடுகிற பிடிப்பு தானாக வரும். துணிக்கூரையில் உமையாள் தலைக்கு நேராக ஒரு ஓட்டை இருக்கிறது, உன் தலைக்கு நேராக இல்லை, அதனால் உன் கண்ணில் படவில்லை. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிக் கிடக்கிறது, வட்ட லைட்டு வேண்டாம், அதைத் தேய்த்து வெளுத்தால் போதும். இதற்கெல்லாம் முன்னால் இடது பக்க பெல்ட். அதற்கெல்லாம் பின்னால், மிச்சம் இருந்தால், சென்னைப் பக்கம் பந்தயப் பாதையில் ஒருநாள் சொல்லிக் கொடுக்கிறார்கள், போய் ஓட்டக் கற்றுக்கொள். அந்தக் காரில் ரொம்பத் தேய்ந்த பாகம் ஓட்டுகிறவன்தான். என்ன மாற்றினாலும் பாலிசி போட்ட கம்பெனிக்குச் சொல்லிவிட்டு மாற்று. சொல்லாமல் மாற்றிவிட்டு என் மாதிரி ஒருத்தி முன்னால் வந்து கையைப் பிசைந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் யாரிடமும் நான் இரக்கம் காட்டியதில்லை.

பெல்ட் உள்ளூரில் கிடைக்காது. கோயம்புத்தூரில் பழைய கார் சாமான் விற்கிறவரிடம் நல்ல நிலையில் ஒன்று இருக்கிறது, பேசி வைத்திருக்கிறேன். நீ சரி என்று சொன்னால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடும், சாயங்காலமே மாட்டிவிடலாம். நீ கேட்கலாம், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்களே வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே என்று. மாட்டிவிடுவேன், எனக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்தப் பணம் என்னுடையதில்லை. உனக்கும் உமையாளுக்கும் வேறு வைத்துக் கொடுத்தது. எது முதலில் என்று உங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதனால் உன் திட்டத்தை நேற்று மதியம் உமையாளிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது என்று நீ நினைத்தால், காட்ட முடியாத திட்டத்தை எழுதியிருக்கக் கூடாது.

அவள் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிவிட்டு இடது பக்கம் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். அது பாட்டுக்கு வந்தது. "அவுக எங்கிட்ட, சீட்டு ரெண்டும் புதுசா போடப்போறேன்னுதான் சொன்னாக" என்றாள். எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. நான் சொன்னேன், நீ இந்தக் காரில் போக வேண்டாம் ஆத்தா, உனக்கு ரயில் டிக்கெட் எடுத்துத் தருகிறேன், அவன் தனியாக வந்து சேரட்டும். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கி, சுற்றி வந்து, ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் அப்பா வீட்டு ஜீப்பை ஊட்டி மலையில் ஏற்றி இறக்கினவள் என்பது உனக்குத் தெரியுமா? நீ கேட்டிருக்க மாட்டாய்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிக்கெட்டு வேணாம் அத்தை. ஞாயித்துக்கெழமை நான் ஓட்டுறேன். அவுக அந்த இடது பக்கச் சீட்டுல உக்காந்து பெங்களூர் வரட்டும்."

கார்ச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.

உன் ஆத்தா